வெலிமடைப் பக்கத்துக் கிழங்குக் குடும்பம், 1988 முதல் 2000 வரை: "யார் பக்கமும் இல்லை" என்பதை மேடையில் எப்படிக் காட்டுவது?

கேள்வி – பொரலந்த நாடகக்குழு

வணக்கம். ஒரு மணிநேர மேடை நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறோம். களம் வெலிமடைக்கும் பொரலந்தவுக்கும் நடுவில். தகப்பன், தாய், 17 வயது மகன், 20 வயது மகள், வயதான அப்பாயி. தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) ஒரு காம்பரா இருக்கிறது. பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பம் ஒன்றிடம் 2 ஏக்கர் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கும் மரக்கறியும் போடுகிறார்கள். முதற்பாதி 1988–89, மறுபாதி 2000. மறுபாதியில் பதினேழு வயதுப் பையனாக வருவது அப்பாயியின் கடைசிப் பேரன், முதற்பாதியில் அவனுக்கு ஐந்து வயது.

இப்போதுள்ள பிரதியில், இரவில் துப்பாக்கியோடு வருகிறவர்களிடம் தகப்பன் "நாங்க யாரு பக்கமும் இல்லீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறார். வாசித்துப் பார்த்த பெரியவர்கள் எல்லாரும் அந்த இடத்தில்தான் முகம் சுளிக்கிறார்கள். அந்த வசனத்தால் யாரும் தப்பியிருக்க மாட்டார்கள் என்கிறார்கள். சரிதான் என்று படுகிறது.

அப்படியானால் நடுவில் நிற்பதற்கு ஒரு குடும்பம் நாள்தோறும் என்ன செய்ய வேண்டியிருந்தது? எந்தக் கடதாசி வீட்டில் இருக்கும், எது இருக்கக்கூடாது? ஊரடங்கில் பயிரை எப்படிக் காப்பாற்றினார்கள்? சாமான், தேதி, அளவு எல்லாம் பிழையில்லாமல் வரவேண்டும். பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் அதையெல்லாம் கண்டவர்கள்.

பதில் 1 – கச்சேரிக் கோப்பு

முதலில் "யார் பக்கம்" என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் நாடகத்துக்குள் இரண்டு போர்கள் இருக்கின்றன. 1988–89இல் வெலிமடைப் பக்கத்து இரவுகளைப் பிடித்து வைத்திருந்தது புலிகள் இல்லை, ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி என்ற சிங்கள இடதுசாரி ஆயுத இயக்கம்). 1987 ஜூலை 29இல் இலங்கை–இந்திய ஒப்பந்தம் கையெழுத்தானபின் அவர்களின் இரண்டாவது கிளர்ச்சி தெற்கிலும் ஊவாவிலும் மத்திய மலைநாட்டிலும் முற்றியது. அவர்கள் ஆரம்பத்தில் நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று "இந்திய விஸ்தரிப்புவாதம்". தோட்டத் தமிழரை அதற்குள்தான் வைத்துப் பேசினார்கள். அரசாங்கத்தின் பார்வையில் அதே தமிழன் வடக்கோடு தொடர்புள்ளவனாக இருக்கக்கூடியவன். ஆக ஒரே வீட்டை ஒரு பக்கம் "இந்தியாக்காரன்" என்றும் மறுபக்கம் "புலி" என்றும் பார்த்தது. இரண்டு சந்தேகத்துக்கும் ஒரே பதில் கிடையாது. உங்கள் நாடகத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

அதைக் காட்ட வசனம் தேவையில்லை, அப்பாயியின் கடதாசி போதும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பங்கிட்டார்கள். அப்பாயி இந்தியக் கடவுச்சீட்டு எடுத்தவர் என்று வையுங்கள். தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் 1984இல் நின்றுபோனது. போகவும் முடியாமல் இருக்கவும் உரிமையில்லாமல் அவர் லயத்திலேயே தங்கிவிட்டார். மகன், அதாவது உங்கள் தகப்பன் பாத்திரம், எதற்கும் மனுப்போடாத நாடற்றவர். 1988இன் 39ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் சத்தியக் கடதாசி முடித்துப் பிரஜையாக முடிந்தது. இந்தியக் கடவுச்சீட்டு எடுத்தும் இங்கேயே நின்றுவிட்டவர்களுக்கு 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரை வழி திறக்கவில்லை. ஒரே காம்பராவில் இரண்டு நாட்டுக் கடதாசி.

இப்போது பாருங்கள்: பகலில் இராணுவம் வந்தால் அப்பாயியிடம் காட்ட இருப்பது அந்தக் கடவுச்சீட்டு ஒன்றுதான். அசோகச் சிங்கச் சின்னம் பொறித்த அதே புத்தகம் இரவில் வருகிறவர்கள் கையில் கிடைத்தால் அந்த வீடே இந்திய வீடு ஆகிவிடும். பகலில் கைக்கெட்டும் இடத்திலும் இரவில் கைக்கெட்டாத இடத்திலும் அது இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு தரம் அது இடம் மாறுவதை மட்டும் மேடையில் காட்டுங்கள். வாய்திறந்து யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

தேசிய அடையாள அட்டை பிரஜைகளுக்கு மட்டும் கொடுத்தது. அந்த நாளில் 16 வயது ஆனதும் எடுக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வேண்டும், தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தொரையின் (தோட்ட முகாமையாளரின்) உறுதிப்படுத்தல், கிராமத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் வேண்டும். தகப்பன் நாடற்றவர் என்றால் பிள்ளைகளின் அட்டையும் தள்ளித்தான் போகும். 1988இல் 17 வயது மகனிடம் அட்டை இல்லாமல் இருப்பது மிகவும் நடக்கக்கூடியது. அட்டையை மேடைச் சாமானாகச் செய்தால் இலக்கத்தைச் சரியாகப் போடுங்கள்: முதல் இரண்டு எண் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாம் நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அந்த நாள் எண்ணோடு 500 கூட்டுவார்கள். மலையகத்து அட்டை அந்தக் காலத்தில் சிங்களத்தில் மட்டும் இருந்தது. வடக்கு–கிழக்கில் கொடுத்த அட்டையில் தமிழும் இருக்கும். சோதனைச் சாவடியில் பெயரை வாசிக்கும் முன்பே அட்டையில் தமிழ் எழுத்து இருக்கிறதா என்று பார்த்தே ஆளைப் பிரித்துவிடலாம்.

இன்னொன்று, இது சட்டம். 1979இன் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஒருவர் அந்தச் சட்டத்தின் கீழ்க் குற்றம் செய்தார் அல்லது செய்யத் தயாராகிறார் என்று தெரிந்தும் பொலிஸுக்குச் சொல்லாமல் இருப்பதையே குற்றம் ஆக்குகிறது. 7 வருடம் வரை சிறை. ஆகவே பேசாமல் இருப்பது சட்டப்படி நடுநிலை இல்லை. சொல்லப் போனாலோ, ஜே.வி.பி. காலத்தில் பொலிஸ் வாசலில் கண்ட ஆள் துப்புக் கொடுத்தவன். கிராம சேவகர்களையே கொன்றார்கள். "யார் பக்கமும் இல்லை" என்ற வசனம் பொய்யாக ஒலிப்பதற்குக் காரணம் இதுதான். அப்படி ஒரு இடம் அந்த வீட்டுக்குத் தரப்பட்டிருக்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் அவர்களே அதை உண்டாக்க வேண்டியிருந்தது.

பதில் 2 – முள்ளும் மம்பட்டியும்

கடதாசிப் பக்கம் மேலே வந்துவிட்டது. காட்டுப் பக்கம், அதாவது பயிர் நிலத்துப் பக்கம், நான் சொல்கிறேன். நாடகம் எழுதுகிறவர்கள் பயிரைப் பின்திரைப் படமாக வைத்துவிடுகிறார்கள். ஊரடங்குக் காலத்தில் என்ன பயிர் போடுவது என்பதே ஒரு பெரிய முடிவு.

போஞ்சி போட்டவர் 3, 4 நாளைக்கு ஒருதரம் பிடுங்க வேண்டும். ஒரு கிழமை கடையடைப்பு என்றால் காய் முற்றி நாராகிவிடும், கொடியும் காய்ப்பை நிறுத்திவிடும். கோவா முற்றிய பிறகு மழை பட்டால் வெடித்துப் போகும். கரட் 3 மாதத்தில் வந்துவிடும், விட்டால் நடுத்தண்டு மரமாகும். லீக்ஸ் அப்படி இல்லை. நாற்று 2 மாதம், நட்டபின் 3, 4 மாதம், அதற்குப் பிறகும் சில கிழமைகள் காட்டிலேயே நிற்கும். தண்டு பெருக்குமே தவிரக் கெடாது. கிழங்கும் மண்ணுக்குள் காத்திருக்கும். ஆகவே லொறி வருமா என்று தெரியாத வருடத்தில் விவரமுள்ள குடும்பம் போஞ்சியைக் குறைத்து லீக்ஸையும் கிழங்கையும் கூட்டும். தகப்பனும் தாயும் இதைப் பற்றி வாதாடுகிற ஒரு காட்சி வையுங்கள். போஞ்சி என்றால் வாராவாரம் கைக்காசு. லீக்ஸ் என்றால் ஆறு மாதம் கடன். தாய் போஞ்சி கேட்பார்.

கிழங்கின் கணக்கு: ஏக்கருக்கு விதைக்கிழங்கு 800 முதல் 1000 கிலோ, அதாவது 50 கிலோ சாக்கில் 16 முதல் 20. செலவில் பெரிய பங்கு அதுதான். வெலிமடைப் பக்கம் சிறுபோகத்தில் வயலிலும் பெரும்போகத்தில் மேட்டிலும் போடுவார்கள். 3, 4 கிழமையில் மண் அணைக்க வேண்டும். சுமார் 90 நாளில் கிண்டலாம்.

இனி 1989 ஜூன் மாதத்துக்கு வாருங்கள். மறுபடி அவசரகாலச் சட்டம் வந்தது, அதோடு போக்குவரத்து வேலைநிறுத்தம், அரசாங்கத்தின் ஊரடங்கு ஒருபக்கம், ஜே.வி.பி.யின் ஊரடங்கு மறுபக்கம். வயலில் போட்ட கிழங்கு அந்த நேரத்தில் நிலத்தில் நிற்கிறது. மூடுபனி இறங்கினால் இலைக்கருகல் வரும். இலை ஓரத்தில் தண்ணீர் கோத்த மாதிரிப் புள்ளி, மறுநாள் கறுப்பு, நாலாம் நாள் காடு முழுக்க நெருப்பு பட்டதுபோல் இருக்கும். வருமுன் மென்கோசெப் என்ற பூஞ்சண மருந்து அடிக்க வேண்டும்: 10 லீற்றருக்கு 20 கிராம், 16 லீற்றர் தாங்கிக்கு 32 கிராம், பனிக்காலத்தில் 7 நாளைக்கு ஒருதரம். ஏக்கருக்குப் 12, 13 தாங்கி போகும். 2 ஏக்கருக்கு ஒரு ஆள் ஒரு முழுப் பகல். காலையில் இலை காயும் வரை அடிக்க முடியாது, மத்தியானம் மழை வந்தால் கழுவிப் போகும். ஊரடங்கை 4 மணி நேரம் தளர்த்தினால் எந்த அரை ஏக்கருக்கு அடிப்பது? அந்தக் கேள்விதான் அந்தக் குடும்பத்தின் போர். முதுகில் தாங்கியோடு குனிந்து நடக்கிற ஆள் தூரத்தில் நிற்கிற சிப்பாய்க்கு எப்படித் தெரிவார் என்பதையும் யோசியுங்கள். வெள்ளைச் சாரமோ வெளிர்ச் சட்டையோ போட்டு, வீதியில் இருந்து தெரிகிற பக்கம் முதலில் அடித்து, நேராக நிமிர்ந்து நடப்பதுதான் புத்தி.

இரவில் பன்றிக் காவல் இன்னொரு சிக்கல். காவல் குடிலில் குப்பி லாம்பு எரிந்தால் இரண்டு பக்கமும் வந்து பார்க்கும். பன்றி வெடி போட்டால் துப்பாக்கிச் சத்தம். உரிமம் உள்ள துப்பாக்கிகளைக் கிராமங்களில் ஜே.வி.பி. வீடு வீடாகச் சேகரித்தது, அதனால் குத்தகை கொடுத்த சிங்களக் குடும்பத்தின் துப்பாக்கியும் போயிருக்கும். எஞ்சியது டின் கயிறுதான். வெறும் மீன் டின்னில் இரண்டு கல் போட்டு, காட்டைச் சுற்றிக் கயிற்றில் கட்டி, கயிற்று நுனியை வீட்டு ஜன்னல் வரை கொண்டுவந்து படுத்தபடியே இழுப்பது. விளைச்சலில் கொஞ்சம் பன்றிக்குப் போகும் என்று விட்டுவிட வேண்டும்.

யூரியாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், 2000 பாதிக்கு வேண்டியது. வடக்கே போகத் தடைப்பட்டிருந்த சாமான்களில் யூரியா, பற்றரி, சீமெந்து, எரிபொருள் எல்லாம் இருந்தன. மலையகத்தில் வாங்கத் தடையில்லை. ஆனால் லயக் காம்பராவில் நாலு சாக்கு யூரியா இருந்தால் சுற்றிவளைப்பில் கேள்வி வரும். கமநல சேவை நிலையத்துப் பில்லோ கடைப் பில்லோ சாக்கோடு இருக்க வேண்டும், தேவைக்கு மேல் ஒரு சாக்கும் வாங்கி வைக்கக்கூடாது. மலிந்த நேரத்தில் வாங்கிப் போடுகிற பழக்கத்தை அந்த வருடங்களில் தமிழ்க் குடும்பம் விட்டுவிட வேண்டியிருந்தது. அதுவும் ஒரு நட்டம்.

பதில் 3 – பெரட்டுக்களம்

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் லயத்தில் ஒரு காம்பரா இருக்கிறது என்பதைத் தாண்டிப் போய்விட்டார்கள். அந்தக் காம்பரா சும்மா கிடைக்காது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட வேண்டும். அநேகமாகத் தாய்தான் கொழுந்துக்குப் போவார்.

காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் கூப்பிடும் இடத்தில்) பேர் விழுந்தால் செக்ரோலில் (வரவுப் பதிவேட்டில்) அன்றைய தேதிக்கு நேராக ஒரு குறி விழும். சம்பளத்துக்கான குறி அது. போர்க்காலத்தில் அது வேறொன்றும் ஆனது. அந்த நாளில் அந்த ஆள் எங்கே இருந்தார் என்பதற்குத் தோட்டக் கந்தோரின் எழுத்துச் சாட்சி. குத்தகைக் காட்டில் வேலை செய்கிறவனுக்கு அப்படிச் சாட்சி எதுவும் இல்லை. தன் கிழங்கில் மண் அணைத்துக்கொண்டிருந்தேன் என்று பையன் சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்? ஆகவே 17 வயது மகனைக் காட்டுவேலையில் இருந்து எடுத்துத் தோட்டத்தில் கைக்காசுக்காவது பேர் போட வைப்பது தாயின் யோசனையாக இருக்கட்டும். தகப்பனுக்குக் கை குறையும். அடித்துச் சொல்கிறேன், உங்கள் முதற்பாதியின் மிகக் கூரான சண்டை இதுவாகத்தான் இருக்கும்.

தொழிற்சங்கம் அடுத்தது. சந்தாவைச் சம்பளத்தில் கழிப்பார்கள். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் தொண்டமான் 1976இல் தமிழர் விடுதலைக் கூட்டணியில் இருந்தபோதே தனிநாட்டுத் தீர்மானத்தோடு சேரவில்லை, 1978இல் அமைச்சரானார். அதனால் ஒரு பையனைப் பிடித்துப் போனால் தோட்டத் தலைவர், மாவட்டப் பிரதிநிதி என்று மேலே போக ஒரு ஏணி இருந்தது. ஜே.வி.பி. கண்ணுக்கு அதே சந்தாத் துண்டு அரசாங்கத்து ஆள் என்பதற்கு அத்தாட்சி. அப்பாயியின் கடவுச்சீட்டுக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

வாக்கைப் பற்றி. 1988 டிசம்பர் 19 ஜனாதிபதித் தேர்தல், 1989 பெப்ரவரி 15 பொதுத் தேர்தல். இரண்டையும் பகிஷ்கரிக்கச் சொல்லி ஜே.வி.பி. மிரட்டியது, அடையாள அட்டைகளையும் பறித்தது. போடாவிட்டால் நடுநிலையா? அதுவும் இல்லை. தலைமுறையாக வாக்கில்லாமல் இருந்தவர்கள் நாங்கள். 1948இன் சட்டத்தில் பறிபோன பிரஜாவுரிமைக்காக 1986 ஜனவரியில் வேலையை நிறுத்திப் பிரார்த்தனை செய்த சனம். கிடைத்த வாக்கைப் போடாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. போட்டால் விரலில் மை. அது சோப்புக்குப் போகாது, நாள் கணக்காக நகக்கண்ணில் நிற்கும். கிழங்குக் காட்டில் வேலை செய்கிறவர் கையெல்லாம் மண் அப்பியிருப்பது வழக்கம்தான். மேடையில் தாய் கையைக் கழுவாமல் சாப்பாடு போடட்டும், மகள் அதைக் கவனிக்கட்டும். போதும்.

கிராமத்துச் சிங்களக் குடும்பத்தை வெறும் நிலச்சொந்தக்காரராக வைக்காதீர்கள். நடுவில் நிற்க உண்மையில் துணையாக இருந்தது அந்த உறவுதான். அத்தம் என்று ஒரு முறை உண்டு: இன்றைக்கு நாங்கள் உங்கள் வயலில், நாளைக்கு நீங்கள் எங்கள் காட்டில், கூலி கிடையாது. மரண உதவிச் சங்கத்துக்கு மாதக் காசு கட்டுவார்கள். செத்த வீட்டுக்கு இரண்டு தரப்பும் போகும். 1989இல் அதிலும் கண்ணி இருந்தது. ஜே.வி.பி. கொன்றவரின் பிரேதத்தை முழங்காலுக்கு மேல் தூக்கக்கூடாது என்று கட்டளை போட்டார்கள். அந்தப் பெட்டியைத் தூக்கப் போவதா வேண்டாமா? போய், தாழத் தூக்கி, தலைகுனிந்து வருவதுதான் ஊரோடு இருப்பது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பையனை அரசாங்கப் பக்கத்து ஆட்கள் நம்பர் பிளேட் இல்லாத வாகனத்தில் கொண்டுபோன மறுநாளும் அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோக வேண்டும். தமிழ் வீடு மட்டும்தான் பயந்தது என்று எழுதினால் பிழை. அந்த இரண்டு வருடத்தில் அந்தக் கிராமங்களில் அதிகம் செத்தது சிங்களப் பிள்ளைகள்.

கேள்வி கேட்டவர் – பொரலந்த நாடகக்குழு

ஐயாமாருக்கும் அக்காவுக்கும் மிகவும் நன்றி. மை, செக்ரோல், டின் கயிறு மூன்றையும் பிரதிக்குள் எடுத்தாயிற்று. இரண்டு சந்தேகம். சாப்பாடு கேட்டு இரவில் வருகிறவர்களை வாசலில் வைத்து எப்படிக் கையாள்வது? 2000ஆம் ஆண்டுப் பாதியில் பேரனைப் பொலிஸ் விசாரணைக்குக் கொண்டுபோகிற காட்சியில் வீட்டார் என்ன செய்ய வேண்டும்?

பதில் 1 – கச்சேரிக் கோப்பு

வாசலில்: இல்லை என்று சொல்ல முடியாது, உள்ளே விடவும் கூடாது. அதற்கான ஏற்பாடு இரவில் நடப்பதில்லை, பகலிலேயே நடந்துவிடும். வீட்டில் ஒரு கிழமைக்கு மேல் அரிசி வைக்காமல் இருப்பது ஒன்று. மூட்டையைக் கண்டால் திரும்ப வருவார்கள், மூட்டை இல்லாவிட்டால் "இவ்வளவுதான் இருக்கு" என்பது உண்மையாகவே இருக்கும். கேட்டால் கொடுப்பது கிழங்கு, அதுவும் வாசலில் வைத்து, அவர்களின் சாக்கில். தன் வீட்டுச் சாக்கு, பாத்திரம் எதையும் கொடுக்கக்கூடாது. காட்டில் பிடிபடும் இடத்தில் அந்தச் சாக்கு கிடந்தால் மாட்டுவது அந்த வீடு. வயதானவர்தான் கதவைத் திறப்பார். பையனும் பெண்ணும் உள்ளே பின்பக்கம். பெயர் கேட்பதில்லை, முகத்தைப் பார்ப்பதில்லை, குப்பி லாம்பை உயர்த்துவதில்லை. தெரியாதவனாக இருப்பதற்கு உண்மையாகவே தெரியாமல் இருக்க வேண்டும். 5ஆம் பிரிவுக்கு அந்தக் குடும்பம் வைத்திருந்த ஒரே மறுமொழி அது.

தங்க இடம் கேட்டால்? அதில் தளர்வே இல்லை. இரவு தங்கும் ஆளைப் பொலிஸில் பதிய வேண்டும், பதியாத ஆள் அகப்பட்டால் வீடு முழுவதும் போகும். ஜே.வி.பி. தலைவர் றோகண விஜேவீரவையே 1989 நவம்பரில் கம்பளைக்குப் பக்கத்தில் உலப்பனைத் தோட்ட பங்களாவில்தான் பிடித்தார்கள். அத்தநாயக்க என்ற பெயரில் தோட்டச் சொந்தக்காரராக இருந்தார். அந்தச் செய்திக்குப் பிறகு மலைநாட்டில் புது முகம் எதுவும் சந்தேகம்தான். வவுனியாவில் இருந்து வந்த சொந்தக்காரப் பிள்ளையானாலும் அன்றைக்கே கிராம சேவகரிடம் சொல்லிப் பதிந்துவிட வேண்டும்.

2000: 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். உங்கள் குடும்பத்துக்கும் அங்கே ஒரு சித்தப்பா இருப்பார். அவர் கடிதம் வீட்டில் இருக்கும். வாசித்ததும் எரிப்பதா வைப்பதா என்பது பேரன் காட்சிக்கு முன்னால் வரவேண்டிய கேள்வி. எரித்த சாம்பலும் கேள்விக்கு இடம் தரும், வைத்த கடிதமும் தரும். கல்யாணம், பிறப்பு, மழை, பயிர் மட்டும் உள்ள கடிதத்தை உறையோடு திறந்த இடத்தில் வைத்திருப்பதே நல்லது. மறைத்த இடத்தில் இருந்து எடுத்த கடிதம் நல்ல கடிதமானாலும் கெட்டது.

பிடித்துப் போகிறபோது அழுது கும்பிடுகிற காட்சி எல்லா நாடகத்திலும் வருகிறது. அதற்கு நடுவில் ஒருவர் வேலை செய்ய வேண்டும். கைது செய்கிறவர் பெயர், பதவி, எந்த நிலையத்துக்கு, எத்தனை மணிக்கு என்று துண்டு கேட்டு வாங்க வேண்டும். 90களில் வந்த ஜனாதிபதிப் பணிப்புரைகளில் அந்தத் துண்டு இருக்கிறது. 1996இன் 21ஆம் இலக்கச் சட்டப்படி 48 மணி நேரத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் அறிவிக்க வேண்டும். துண்டு தராவிட்டால் வாகன இலக்கத்தைக் கரியால் சுவரிலாவது எழுதுங்கள். மகள் அதைச் செய்யட்டும், இப்போது அவளுக்கு 32 வயது. பிறகு அதே நாளில் தோட்டத் தலைவர், கோயில் குருக்கள், குத்தகைக் காட்டுச் சிங்களக் குடும்பத்துப் பெரியவர், மூவரும் சேர்ந்து நிலையத்துக்குப் போவது. தாய் தனியாகப் போகக்கூடாது. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு 1989 முதல் தடுப்பில் உள்ளவர்களைப் பார்த்துப் பதிந்து வந்தது. பதிவு விழுந்தால் ஆள் இல்லையென்று சொல்வது கடினம்.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படும். உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேற்பட்டவரோ எடுத்த ஒப்புதல் வாக்குமூலம் பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கில் சாட்சியாகச் செல்லும். சாதாரண வழக்கில் பொலிஸிடம் சொன்னது அப்படிச் செல்லாது. ஆகவே பேரனுக்கு வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டியது: வாசித்துக் காட்டச் சொல், புரியாத கடதாசிக்கு ஒப்பம் வைக்காதே. அதை அங்கே கடைப்பிடிக்க விடுவார்களா என்பது வேறு. சொல்லி வைத்த குரல் பார்வையாளர் காதில் இருக்க வேண்டும். அந்த நாளில் தடுப்புக் கட்டளையை ஒருதரம் 3 மாதம், மொத்தம் 18 மாதம் வரை நீட்ட முடிந்தது. மூன்று போகம் கிழங்கு போட்டுக் கிண்டுகிற காலம்.

பிந்துனுவெவையைத் தவிர்க்க வேண்டாம். 2000 அக்டோபர் 25, தீபாவளிக்கு முதல் நாள் காலை. பண்டாரவளைக்குப் பக்கத்துப் புனர்வாழ்வு முகாமில் இருந்த தமிழ் இளைஞர்களைக் கூட்டம் புகுந்து கொன்றது. 25க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஆயுதத்தோடு பொலிஸார் அங்கேயே நின்றார்கள். உங்கள் காட்டுக்கும் அதற்கும் ஒரு பஸ் பயணத் தூரம். தொடர்ந்து மலையக நகரங்களில் கதவடைப்பு, தலவாக்கலையில் மோதல், ஊரடங்கு. வீட்டில் பலகாரத்துக்கு மா கரைத்து வைத்திருப்பார்கள். அந்த மாவை என்ன செய்தார்கள் என்று காட்டுங்கள்.

பதில் 4 – சந்தை லொறி

லொறியைப் பற்றி ஒரு சிறு சேர்க்கை. 2000 பாதியில் தகப்பன் மரக்கறி லொறியில் கொழும்புக்குப் போவதாக எழுதியிருந்தால் வெட்டிவிடுங்கள். 1996 ஜனவரி 31 மத்திய வங்கியையும் 1998 ஜனவரி 25 தலதா மாளிகையையும் தாக்கியது வெடிமருந்து ஏற்றிய லொறிகள். அதற்குப் பிறகு லொறியில் தமிழர் ஒருவர் இருந்தால் முழுச் சுமையையும் இறக்கச் சொல்லலாம். சிங்கள அல்லது முஸ்லிம் சாரதியிடம் ஏற்றிவிட்டு, சாக்கு எண்ணிக்கையும் எடையும் எழுதிய துண்டை வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பதுதான் நடைமுறை. அதில் இன்னொரு இழப்பு: கொழும்பு மெனிங் சந்தையில் அன்றைக்கு என்ன விலை போனது என்று தானே பார்க்க முடியாது, முதலாளி சொன்னதுதான் விலை. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் 1999இல் வந்த பிறகும் நிலை அதுவே.

கிழங்கு விலையையும் பாருங்கள். 1996 வரை இறக்குமதிக்குத் தடை இருந்தது, திறந்த பிறகு உள்ளூர்க் கிழங்குக்கு அடி. 1988இல் கிழங்குக்காரன் கொஞ்சம் கைப்பிடிப்புள்ள ஆள், 2000இல் கடன்காரன். நடிகரின் சட்டையில் அது தெரிய வேண்டும்.

பதில் 2 – முள்ளும் மம்பட்டியும்

பலகார மா நல்ல இடம். கிழங்குக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், பேரனைக் கொண்டுபோன மறுநாள் காட்சிக்கு உதவும்.

சிறுபோகக் கிழங்கு அக்டோபரில் கிண்டும் பருவம். கிண்டலாமா என்று பார்க்கத் தகப்பன் ஒரு செடியடியில் முள்ளை (பல் வைத்த கிண்டுகருவியை) சாய்த்துக் குத்தி, ஒரு கிழங்கை எடுத்து, சாரத்தில் துடைத்து, பெருவிரலால் அழுத்தித் தேய்ப்பார். தோல் வழுக்கி உரிந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். கொடியை அறுத்துவிட்டு 10 நாள் போல விட்டால் தோல் பிடிக்கும். தோல் பிடிக்காத கிழங்கைக் கிண்டிச் சாக்கில் போட்டால் உரசி ஈரம் கசியும், மூன்றாம் நாள் சாக்கே அழுகும். தோல் பிடித்த பின் மழையில்லாவிட்டால் இரண்டு, மூன்று கிழமை மண்ணிலேயே விடலாம். ஆனால் மண் காய்ந்து வெடித்தால் வெடிப்பு வழியாக அந்துப்பூச்சி இறங்கி முட்டையிடும், ஆகவே மண்ணை மறுபடி அணைக்க வேண்டும். ஊரடங்கில் வீட்டுக்குள் கொண்டுவந்தால் இருட்டில், பலகைத் தட்டில், மூன்று அடிக்கு மேல் குவிக்காமல் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சையாகும், தின்னக்கூடாது. வாரம் ஒருதரம் கிளறி அழுகினதைப் பொறுக்க வேண்டும்.

லொறி வராது, ஆள் இல்லை, பையன் நிலையத்தில். கொடியை அறுத்து 12 நாள். தாயும் மகளும் காட்டுக்குப் போகிறார்கள் என்றால், அன்றைக்குக் கிண்டப் போகவில்லை, மண் அணைக்கப் போகிறார்கள். நடிகைகளுக்கு மம்பட்டி கொடுங்கள், முள்ளு வேண்டாம்.